சிஸ்கியூவில் வீடு பார்க்கிறீர்களா? ஆபத்தை அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு, கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் சிலர் வடக்கே வீடு தேட ஆரம்பித்திருக்கிறார்கள். ஐ-5 நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம் ஓட்டினால் சிஸ்கியூ கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. கலிஃபோர்னியாவின் வடக்கு எல்லை அது, தாண்டினால் ஆரெகன் மாநிலம். விளம்பரப் படத்தில் பனி மூடிய ஷாஸ்டா மலை, வாசலில் பைன் மரங்கள், ஐந்து ஏக்கர் நிலம். அதே விலைக்கு சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் கார் நிறுத்தத்தான் இடம் கிடைக்கும். மனசு போய்விடும். எனக்கும் போனது.

நான் செய்த தப்பு வரிசையில்தான். வீட்டைப் பார்த்தேன், பிடித்தது, முன்பணம் கட்டினேன், ஆள் வைத்து வீட்டைச் சோதித்தேன், எல்லாம் முடிந்த பிறகுதான் இன்சூரன்ஸுக்குப் போன் செய்தேன். ஒவ்வொருவராகக் கை விரித்தார்கள். சோதனைக்குக் கொடுத்த காசு போனதுதான் மிச்சம். அதனால் இங்கே படிகளை வேறு மாதிரி அடுக்கியிருக்கிறேன்.

முதலில், கவுண்டி மார்க்கை நம்பாதீர்கள்

சிஸ்கியூவின் பரப்பு சுமார் 6,300 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 44,000 பேர். சதுர மைலுக்கு ஏழு பேர். மேற்கே கிளாமத் ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கும் அடர்ந்த காடும். நடுவில் ஷாஸ்டா, ஸ்காட் சமவெளிகள், வைக்கோலும் மாடும். தெற்கே மலையடிவார ஊர்கள். கிழக்கே வறண்ட மேட்டுநிலம். ஒரு மூலையில் வெள்ளம் என்றால் இன்னொரு மூலையில் கிணறு வற்றிக் கிடக்கும்.

ஆனால் இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது மொத்தக் கவுண்டிக்கும் சேர்த்துப் போட்ட ஒரு மதிப்பெண். மத்தியப் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் தேசிய இடர்க் குறியீடு அப்படி ஒன்று. பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அது ஆண்டுக்கு எவ்வளவு இழப்பு வரும் என்பதை டாலரில் கணக்கிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறது. வீடுகள் குறைவாக இருக்கும் இடத்தில் எரிவதற்கும் குறைவாகத்தான் இருக்கும். மொத்த இழப்பும் சின்னதாகத் தெரியும். உங்கள் ஒரு வீட்டுக்கு ஆபத்து குறைவு என்று அதற்கு அர்த்தம் இல்லை. கவுண்டிக்குக் கீழே இறங்கிப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு, ஆனால் இந்தப் பக்கம் ஒரு வட்டாரமே நம் ஊர்த் தாலுகா அளவுக்கு விரிந்து கிடக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. காட்டில் பாம்பு இருக்கிறது என்பது ஒரு விஷயம். அது வரும் வழியில் நாம் பாய் விரித்துப் படுத்திருக்கிறோமா என்பது வேறு விஷயம். வரைபடங்கள் எல்லாம் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இரண்டாவதை நீங்களே அந்த மனையில் நின்று பார்க்க வேண்டும்.

படி 1: இன்சூரன்ஸுக்குப் போன்

வீடு பிடித்த அன்றே, விலை சொல்வதற்கு முன்பே, முகவரியைக் கொடுத்து மூன்று நான்கு பேரிடம் கேளுங்கள். கடனில் வாங்குவதானால் இன்சூரன்ஸ் இல்லாமல் பேங்க் பணம் தராது. அதைவிட முக்கியம், அவர்கள் சொல்லும் தொகைதான் அந்த மனைக்கு வெளியாள் போடும் நேர்மையான மார்க். வீட்டை விற்பவருக்கும் புரோக்கருக்கும் உங்கள் மனசு நோகாமல் பேச வேண்டிய தேவை உண்டு. இவர்களுக்கு இல்லை.

எல்லாரும் மறுத்தால் ஃபேர் பிளான் இருக்கிறது. 1968இல் மாநிலச் சட்டப்படி உருவானது; இன்சூரன்ஸ் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் கடைசிப் புகலிடம். தீ, மின்னல், புகை, வீட்டுக்குள் வெடிப்பு ஆகியவற்றுக்குத்தான் அது அடிப்படையில் பொறுப்பேற்கும். திருட்டு, குழாய் வெடித்துத் தண்ணீர், விருந்தாளி வழுக்கி விழுந்து போடும் வழக்கு, இவற்றுக்கெல்லாம் தனியாக இன்னொரு பாலிசி எடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டி, மாதத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள். சில வீடுகளின் மலிவு அந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் சாதாரண வீட்டுப் பாலிசியில் இடமில்லை. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டில் வீட்டுக்கு 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர் வரை உண்டு. வீடு வாங்கும்போது கடனோடு சேர்த்து எடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும். பிறகு தனியாக எடுத்தால் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். மழை வருது என்று டிவியில் சொன்ன பிறகு எடுத்துப் பயனில்லை.

அப்புறம், வாங்கிய விலைக்கு இன்சூரன்ஸ் எடுக்காதீர்கள். பழைய வீட்டை மலிவாக வாங்கியிருப்பீர்கள். எரிந்துபோனால் இன்றைய கட்டுமான விதிப்படிதான் திரும்பக் கட்ட முடியும். அந்தச் செலவு வேறு கணக்கு.

படி 2: தீ

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கால் ஃபயர் என்னும் மாநிலத் தீயணைப்புத் துறை மிதம், உயர், மிக உயர் என்று மூன்று நிறங்களில் வரைபடம் வைத்திருக்கிறது. மாநிலப் பொறுப்பில் உள்ள கிராமப்புறப் பகுதிகளுக்கான புதிய வரைபடம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஊர் எல்லைக்குள் உள்ள பகுதிகளுக்கு 2025இல் வந்தது. முகவரி போட்டால் நிறம் தெரியும். மிதம் என்று வந்தால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செடி கொடி, சரிவு, காற்று, பழைய தீயின் வரலாறு இவற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. உங்கள் வீட்டுக் கூரை எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

வரைபடத்தை மூடிவிட்டு ஊர்க் கதையைக் கேளுங்கள். மலையடிவாரத்தில் வீட் என்றொரு சின்ன ஊர். ஏப்னர் வீட் என்ற மர வியாபாரி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே காற்றுக்காகத்தான்; அறுத்த பச்சை மரம் இங்கே சீக்கிரம் காய்ந்தது. ஊரை உண்டாக்கிய அதே காற்று 2014 செப்டம்பர் 15 அன்று ஒரு பிற்பகலில் 150க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டுபோனது. எரிந்த மொத்தப் பரப்பு சுமார் 500 ஏக்கர்தான். இந்த வட்டாரக் கணக்கில் சின்னத் தீ. 2021இல் மின்னலால் பிடித்த, லாவா என்று பெயர் வைத்த காட்டுத்தீ ஊரின் பக்கத்திலேயே 25,000 ஏக்கரைத் தாண்டியது. 2022 செப்டம்பர் 2 அன்று மில் என்று பெயர் வைத்த தீ. 118 கட்டடங்கள் போயின, இரண்டு பேர் இறந்தார்கள். எட்டு வருடத்தில் மூன்று. ஏக்கர் கணக்கு பெரிதாக இருந்தால்தான் பெரிய ஆபத்து என்ற நினைப்பை இந்த ஊர் உடைத்துவிடும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து சரிவு. தீ மேல்நோக்கி ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இருமடங்கு என்பது தீயணைப்பு ஆட்களின் கைக்கணக்கு. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மலைமுகட்டில் நிற்கும் வீட்டில் காட்சி அருமையாக இருக்கும். அந்தக் காட்சி தெரியும் வழியேதான் தீயும் ஏறி வரும். வீட்டுக்குக் கீழே மன்சனீட்டா புதர் அடர்ந்து கிடந்தால் இன்னும் மோசம். எண்ணெய் ஊற்றியது போல எரியும் புதர் அது.

பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை. பெரும்பாலான வீடுகள் தீச்சுவர் வந்து மோதி எரிவதில்லை. ஒரு மைலுக்கு அப்பாலிருந்துகூடக் காற்றில் பறந்து வரும் கங்கு எங்கோ ஓர் இடுக்கில் உட்கார்ந்து பற்ற வைக்கும். அந்த இடுக்குகளைத்தான் தேட வேண்டும். கூரையோர மழைநீர்க் கால்வாயில் பைன் ஊசிச் சருகு நிரம்பியிருக்கிறதா? கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கின் காற்றுத் துளையில் கம்பிவலை உண்டா, அதன் கண்ணி ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா? வீட்டை ஒட்டிய மர மேடைக்கு (டெக்) அடியில் விறகு அடுக்கியிருக்கிறார்களா? மர வேலி நேராக வந்து வீட்டுச் சுவரில் முட்டுகிறதா? வேலி ஒரு திரி மாதிரி வேலை செய்யும். 2008க்குப் பிறகு ஆபத்துப் பகுதிகளில் கட்டிய வீடுகளுக்குத் தீத் தாங்கும் கட்டட விதிகள் உண்டு. அதற்கு முந்தைய வீடு என்றால் எல்லாவற்றையும் நீங்களே பார்க்க வேண்டும்.

வீட்டைச் சுற்றி 100 அடி வரை செடி கொடியைக் குறைத்து வைப்பது சட்டம். அதில் சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடிதான் உயிர்நாடி. அங்கே எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, சரளைக் கல் போதும். உயர், மிக உயர் பகுதிகளில் விற்பவர் இந்தச் சுத்திகரிப்புக்கான சான்றைத் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். ஆனால் 100 அடி உங்கள் எல்லைக்குள்ளேயே அடங்குமா? பக்கத்து மனை யாரோ வெளியூர்க்காரர் வாங்கிப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்காத காடாக இருந்தால், உங்கள் சரளைக் கல் பாதி வேலைதான் செய்யும்.

ஒரு நூறு வருடமாக எல்லாத் தீயையும் அணைத்ததில்தான் இந்தக் காடுகள் இவ்வளவு நெருக்கமாகிவிட்டன. கிளாமத் கரையின் கருக் பழங்குடி மக்கள் சின்னச் சின்னத் தீ வைத்துக் காட்டைக் காத்து வந்தவர்கள். அதைக் குற்றமாக்கியது அரசு. இப்போது அவர்களையே கூப்பிட்டுக் கட்டுப்பாட்டுத் தீ வைக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் மனைக்குப் பக்கத்தில் கடந்த சில வருடங்களில் அப்படி எரித்தோ மரம் குறைத்தோ இருந்தால், கரிந்த அடிமரங்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நல்ல அடையாளம் அது.

படி 3: வெளியேறும் பாதை

என் கணக்கில் இன்சூரன்ஸுக்கு அடுத்தபடியாக வீட்டைத் தள்ளிவிட வைக்கும் காரணம் இதுதான். வீட்டிலிருந்து ஐ-5க்கோ ஒரு பெரிய ஊருக்கோ எத்தனை வழி? ஒன்றுதான் என்றால் அது எப்படிப்பட்ட வழி?

கிளாமத் ஆற்றோரம் நெடுஞ்சாலை 96 போகிறது. பெயர்தான் நெடுஞ்சாலை, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. ஹேப்பி கேம்ப் ஊரிலிருந்து கவுண்டித் தலைநகர் வைரீகா சுமார் 70 மைல். 2020 செப்டம்பரில் ஸ்லேட்டர் தீ ஹேப்பி கேம்ப் பகுதியில் ஏறத்தாழ 200 வீடுகளை அழித்தது. 2022 ஜூலை 29 அன்று தொடங்கிய மெக்கின்னி தீ அதே சாலையில் கிளாமத் ரிவர் என்னும் சிற்றூரை எரித்தது. இறந்தவர்கள் நான்கு பேர். அதில் இருவரின் உடல் கிடைத்தது ஒரு வீட்டு வழிப்பாதையில் எரிந்து நின்ற காருக்குள். கிளம்பியிருக்கிறார்கள், சாலைக்குக்கூட வர முடியவில்லை. தெற்கே பியூட் கவுண்டியில் 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் ஊர் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள்; அன்று வெளியேறும் சாலைகள் கார்களால் அடைந்து நின்றன.

அதனால் சாலையைக் காரில் அல்ல, கணக்கில் ஓட்டிப் பாருங்கள். தீ வடக்கிலிருந்து வந்தால் எந்த வழி? தெற்கிலிருந்து வந்தால்? மேப்பில் இன்னொரு சாலை தெரிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். பாதி இடங்களில் பூட்டிய கேட் இருக்கும், அல்லது மர லாரிப் பாதை முடிந்து காடு தொடங்கும். தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா, நடுவில் மரப் பாலம் இருந்தால் எத்தனை டன் தாங்கும் என்பதும் இதே கணக்கில் சேரும். பல சிற்றூர்களில் தீயணைப்பு நிலையம் தன்னார்வலர்களால் ஓடுகிறது. வண்டி வந்தாலும் தண்ணீர் வேண்டுமே. வீட்டில் தனித் தொட்டி இருந்தால் தீயணைப்பு வண்டிக்குப் பொருந்தும் இணைப்பு அதில் உண்டா என்று கேளுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குவார்கள். அவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நீங்கள் தெற்கே ரெட்டிங் ஊரில் காஸ்ட்கோ கடைக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறீர்கள். மவுன்ட் ஷாஸ்டா ஊரிலிருந்தே அது 60 மைல். அந்த நேரத்தில் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் அவர்களை யார் ஏற்றிக்கொண்டு போவது? பதில் இல்லை என்றால் வேறு வீடு பாருங்கள், அல்லது ஊருக்குள்ளேயே பாருங்கள்.

படி 4: தண்ணீர், அதிகமாகவும் குறைவாகவும்

வெள்ள வரைபடம் ஃபீமா தளத்தில் இலவசம். நூறாண்டு வெள்ளம் என்பார்கள். நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று தப்பாகப் புரிந்துகொள்ளும் பெயர் அது. எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். 30 வருடக் கடனுக்குக் கணக்குப் போட்டால் ஒருமுறையாவது வெள்ளம் வர வாய்ப்பு 26 சதவீதம். கிளாமத் பக்கத்து முதியவர்கள் 1964 டிசம்பர் வெள்ளத்தையும் 1997 ஜனவரி வெள்ளத்தையும் சொல்வார்கள். தண்ணீர் எந்த மரம் வரை வந்தது என்று காட்டச் சொல்லுங்கள்.

கிளாமத்தில் ஒரு புது விஷயம். அயர்ன் கேட், கோப்கோ உள்ளிட்ட நான்கு அணைகளையும் 2023, 2024இல் இடித்துவிட்டார்கள். பழைய விளம்பரத்தில் கோப்கோ ஏரிக்கரை வீடு என்று படம் பார்த்தால் ஏமாற வேண்டாம். அங்கே இப்போது ஏரி இல்லை, ஆறுதான் ஓடுகிறது. வெள்ள வரைபடம் பார்க்கும்போதும் எந்தத் தேதியில் போட்டது என்று கவனியுங்கள்.

மேலே உள்ள மலை சமீபத்தில் எரிந்திருந்தால் வரைபடம் எதுவானாலும் எச்சரிக்கை தேவை. எரிந்த மண் தண்ணீரை உள்ளே விடாது. மெக்கின்னி தீ தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே பெய்த இடி மழையில் சேறும் சாம்பலும் கிளாமத்தில் இறங்கி, மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன.

கிணறு பற்றி நம்மவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: ஏப்ரலில் கிணற்றைச் சோதித்து நிறையத் தண்ணீர் என்று சந்தோஷப்படாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் சோதியுங்கள். 2021 வறட்சியின்போது இந்தச் சமவெளிகளில் வீட்டுக் கிணறுகள் வற்றியிருக்கின்றன. பலத்த காற்று நாட்களில் தீப்பிடிக்காமல் இருக்க மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்துவதும் உண்டு. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லை என்றால் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தீ வரக்கூடிய அதே நாளில். ஜெனரேட்டர் விலையையும் சேர்த்தே வீட்டு விலையைப் பாருங்கள்.

படி 5: மலை

ஷாஸ்டா 14,179 அடி உயர எரிமலை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 2018இல் நாட்டின் எரிமலைகளை ஆபத்து வாரியாக வரிசைப்படுத்தியபோது இதற்கு ஐந்தாம் இடம். கடைசிப் பெரிய வெடிப்பு சுமார் 3,200 வருடங்களுக்கு முன். வீட் ஊருக்கு வடக்கே ஐ-5இல் போகும்போது இரு பக்கமும் சின்னச் சின்னக் குன்றுகள் சிதறிக் கிடக்கும். மூன்று லட்சம் வருடங்களுக்கும் முன்னால் பழைய மலை சரிந்து விழுந்த துண்டுகள் அவை. பார்த்தால் சிலிர்க்கும், ஆனால் வீடு வாங்கும் முடிவை அது மாற்ற வேண்டியதில்லை. மலையைக் கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள். எரிமலை விழிக்கும் முன் பெரும்பாலும் நில அதிர்வு, வாயு என்று அறிகுறி காட்டும்.

நிஜமாகப் பார்க்க வேண்டியது மலையிலிருந்து வரும் சேற்றுப் பெருக்கு. அதற்கு வெடிப்பும் வேண்டாம், மழையும் வேண்டாம். கடும் கோடையில் பனியாறு உருகினாலே போதும். 1924இல் மட் கிரீக் ஓடை வழியே மெக்கிளவுட் ஊர்ப் பக்கம் இறங்கிய சேறு சாலையையும் ரயில் பாதையையும் மூடியது. 1997 ஆகஸ்டில் விட்னி கிரீக் வழியே வந்தது நெடுஞ்சாலை 97ஐ அடித்தது. ஆகவே மலையிலிருந்து இறங்கும் ஓடை, காய்ந்து கிடந்தாலும், மனைக்குப் பக்கத்தில் இருந்தால் கரையின் உயரத்தைப் பாருங்கள். ஓடும் சேற்றுக்கு வெள்ளக் காப்பீடு பணம் தரும், மண்சரிவுக்குத் தராது. இந்த வித்தியாசத்தை வைத்தே பலருக்குக் கையை விரித்திருக்கிறார்கள்.

மற்றவை சுருக்கமாக

நிலநடுக்கம் கடற்கரை அளவுக்கு இங்கே கவலை இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. 1993 செப்டம்பரில் எல்லைக்கு அப்பால் ஆரெகனின் கிளாமத் ஃபால்ஸ் ஊரில் 6 ரிக்டர் அளவில் இரண்டு குலுக்கல். வீடு அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டிருக்கிறதா, சுடுநீர்த் தொட்டியைச் சுவரோடு கட்டியிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

பனியில் சாலை மூடும், கரண்ட் போகும், ஒரு வாரச் சாமான் வீட்டில் இருக்க வேண்டும். பழகிவிடும். புகை அப்படியல்ல. எங்கோ எரியும் தீயின் புகை பள்ளத்தாக்குகளில் வாரக்கணக்கில் தங்கும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இதை நான் தீக்குச் சமமாக வைப்பேன். காற்றின் தரத்தைக் காட்டும் ஏர்நவ், பர்ப்பிள் ஏர் தளங்களில் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் அளவுகளைத் தேடிப் பாருங்கள்.

படி 6: காகிதமும் மனிதர்களும்

கலிஃபோர்னியாவில் விற்பவர் இயற்கை ஆபத்து அறிவிப்புப் படிவம் தர வேண்டும். வெள்ளம், அணை உடைந்தால் மூழ்கும் பகுதி, உயர் அல்லது மிக உயர் தீ ஆபத்து, காட்டுத்தீப் பகுதி, நிலநடுக்கப் பிளவு, நிலநடுக்க ஆபத்து மண்டலம் என்று ஆறு கேள்விகள். ஆம், இல்லை என்று பதில். எரிமலைச் சேறும் புகையும் வற்றும் கிணறும் அந்த ஆறில் இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். கவுண்டியின் பேரிடர் தணிப்புத் திட்டம் என்றொரு பெரிய ஆவணம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதில் உங்கள் ஊர் பெயர் வரும் பக்கங்களை மட்டும் படித்தாலே ஒரு மாலை நேரத்துக்கு விஷயம் கிடைக்கும்.

அப்புறம் ஆட்கள். அக்கம்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கடைசியாக எப்போது வெளியேறினீர்கள், எந்த வழியாகப் போனீர்கள், இன்சூரன்ஸ் இன்னும் இருக்கிறதா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். கிராமத்து ஆட்கள் நின்று பேசுவார்கள். செல்போனில் சிக்னல் எத்தனை கோடு என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை எல்லாம் அதில்தான் வரும்.

படி 7: குடிபோன முதல் வாரம்

கவுண்டியின் அவசர எச்சரிக்கைச் சேவையில் வீட்டில் உள்ள ஒவ்வொரு போனையும் பதிவு செய்யுங்கள், அம்மாவின் போன் உட்பட. வெளியேறச் சொல்லும்போது பயன்படுத்தும் உங்கள் பகுதியின் மண்டல எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். அறிவிப்பில் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான் சொல்வார்கள். காட்டுத்தீ பற்றி உடனுக்குடன் சொல்லும் வாட்ச் டியூட்டி செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். வெளியேற்ற எச்சரிக்கை என்றால் கிளம்பத் தயாராகு என்று பொருள். உத்தரவு என்றால் இப்போதே போ. வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் எச்சரிக்கையையே உத்தரவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, வழிகாட்டும் மேப்பை அணைத்துவிட்டு, இரண்டாவது வழியில் ஐ-5 வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பக்கத்துச் சீட்டில் அப்பாவை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கேட் ஏதாவது இருந்தால், சாவி யாரிடம் என்று மறுநாள் காலையில் போய்க் கேளுங்கள்.